பூசணிக்காய்க்குப் பின்னால் ஒரு முழங்கால்

1

வியாழக்கிழமை காலை பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உறையின் மூலையில் என் கணவர் ஆடுகிற கிளப்பின் சின்னம் இருந்தது. நல்ல செய்தி என்றால் மேனேஜர் நேரில் வருவார், குழந்தைக்குச் சாக்லேட் கூடக் கொண்டுவருவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற கடிதத்தில் நல்ல செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

இங்கே பெல்ஜியத்தில் நாங்கள் இருக்கிற பக்கம் பேசுவது பிளெமிஷ். மூன்று வருஷமாகியும் எனக்கு அது கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாகத் தடவிக்கொண்டிருந்தேன். என் மகள் மீனா, ஆறு வயது, தோளுக்குப் பின்னால் நின்று கடகடவென்று வாசித்துவிட்டாள். ‘தகுதியில்லாத’ என்று ஒரு சொல். அதை எனக்கு அவளே விளக்கினாள்: பள்ளிக்கூடத்தில் கெட்டுப்போன பாலை அப்படித்தான் சொல்வார்களாம். பிறகு விளையாடப் போய்விட்டாள்.

அவள் அப்பாவின் இடது முழங்காலைப் பற்றித்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ஆட்டப் பருவத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. வீட்டுச் சாவியையும் கார் சாவியையும் மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும். இதுவரை ஆடியதற்கு நன்றி.

கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த முதல் பயம் வீட்டைப் பற்றியதல்ல. ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குப் போன் பண்ண வேண்டுமே, அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான்.

2

நம்மூர்க்காரர்களுக்கு என் கணவரின் தொழிலைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமல்ல. டேரல் அமெரிக்கர். ஆறடி ஏழங்குலம். தொழில் கூடைப்பந்து. “அது சரி, வேலை என்ன?” என்று என் சித்தப்பா இன்றைக்கும் கேட்கிறார்.

அமெரிக்காவில் நான் எம்.எஸ். படிக்கப் போன இடத்தில், செலவுக்கு எனக்குக் கிடைத்த வேலை கல்லூரி அணிப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. அதில் ஒருவர்தான் டேரல். சுற்றிலும் சோளக்காடு உள்ள சின்ன ஊர். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும். ஓட்டலில் அவரிடம் காசு வாங்கமாட்டார்கள், முடிவெட்டுகிறவரும் வாங்கமாட்டார். நாலு வருஷம் ராஜாதான். கடைசி வருஷம், பெரிய லீக் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற அன்று, குடும்பம் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. பெயர் பெயராக வாசித்தார்கள். இவர் பெயர் வரவில்லை. அவருடைய அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாராம். மறுநாள் ஒரு ஏஜெண்ட் போனில் கூப்பிட்டு லக்ஸம்பர்க் போகிறாயா என்று கேட்டார். டேரல் அது ஏதோ ஓட்டல் என்று நினைத்திருக்கிறார்.

அப்படிக் கிளம்பியதுதான். ஒன்பது வருஷம், நாலு நாடு, ஆறு கிளப். நானும் படிப்பை முடித்துக் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு பின்னாலேயே பெட்டியைத் தூக்கினேன். ஐரோப்பாவில் சின்னச் சின்ன ஊர்களிலும் கூடைப்பந்துக் கிளப் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வெளிநாட்டுக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பையனுக்கு வங்கியிலோ பள்ளியிலோ ஒரு வேலை இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்கு முழங்கால்தான் வேலை. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் முதலில் அவனைத்தான் மாற்றுவார்கள். பத்திரிகையில் ‘இறக்குமதி’ என்றே எழுதுவார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, “பாமாயில் மாதிரியா?” என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அதுதான் உண்மை.

3

போர்ச்சுகலில் இருந்தபோது கர்ட்டிஸ் என்று இன்னொரு அமெரிக்கர் எங்கள் கிளப்பில் இருந்தார். எங்கள் மாடிக்குக் கீழ்வீடு. ஒருநாள் அவருடைய மனைவி காய்கறி வாங்கப் போய்விட்டு வந்தாள். வாசலில், கர்ட்டிஸுக்குப் பதிலாக வந்த புதியவனின் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேனேஜர் சாவிக்காகக் காத்துக்கொண்டு நின்றார், மிகவும் மரியாதையாக. அவள் வெங்காயப் பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை கடைக்குப் போய்த் திரும்பும்போதும் தெருமுனையிலேயே நின்று எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். இன்றும் அப்படித்தான்.

இந்த ஊருக்கு வந்ததும் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். நான் பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினேன். அவர் வந்தது அழைப்புமணியில் எங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா, இங்கேதான் படுத்துத் தூங்குகிறோமா என்று பார்க்க. இங்கே அது வழக்கம். அவர் எழுதிக்கொடுத்த தாளைக் கொண்டுபோய் நகராட்சியில் நின்றால் இங்கே தங்குவதற்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் காலாவதித் தேதி ஒன்று இருக்கும். டேரலின் ஒப்பந்தம் முடிகிற தேதிதான் என் அட்டைக்கும் மீனாவின் அட்டைக்கும். மூன்று பேரின் இருப்பும் ஒரு மனிதரின் மூட்டில் நின்றது.

கார்கூட எங்களுடையதல்ல. ஜன்னல் செய்கிற ஒரு கம்பெனி கொடுத்தது, கதவு முழுக்க அவர்கள் விளம்பரம். அதன் போட்டோவை அனுப்பியபோது, மாப்பிள்ளை ஜன்னல் வியாபாரமும் பண்ணுகிறாரா என்று அம்மா ஆசையாகக் கேட்டு எழுதினாள்.

4

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மெட்ராஸ் சென்னையான அந்த வருஷம், மே மாதத்தில் நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம். கல்யாணமான பிறகு டேரலை நான் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. என் கல்யாணச் செய்தி போனபோது அவர் ஒரு வருஷம் கடிதம் போடவில்லை. சித்தி, மாப்பிள்ளை கறுப்பாமே என்று ஒப்பாரி வைத்தாளாம். சித்தியும் மாப்பிள்ளையும் ஒரே நிறம்தான் என்பதைக் கடைசியில் அப்பாதான் எடுத்துச் சொன்னாராம். மீனா பிறந்ததும் எல்லாம் இளகிவிட்டது. நாங்கள் போன அன்று, கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் தலையணையும் வைத்து, மாப்பிள்ளையின் பாதத்துக்கு இடம் பண்ணியிருந்தார் அப்பா. டேரல் ஒவ்வொரு நிலைக்கும் குனிந்து குனிந்து கோயிலுக்குள் போகிறவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார். விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிவந்த டாக்ஸிக்காரர், “இன்னாமா, சாரு மடிச்சி வச்சாலும் அடங்கமாட்டார் போலகீதே” என்று சொல்லி முன்சீட்டைப் பின்னால் தள்ளிக்கொடுத்தார்.

என் தம்பி குமார் அப்போது தி.நகரில் ஒரு சின்னக் கூடைப்பந்துக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட மைதானம், சிமெண்ட் தரை. வருஷா வருஷம் கோடையில் ஒரு போட்டி நடத்துவார்கள். சிறப்பு விருந்தினர் வந்து பந்தைக் கூடைக்குள் போட்டுத் தொடங்கிவைப்பது வழக்கம். வழக்கமாக வட்டச் செயலாளர் வருவார். அவர் பத்து தடவை போட்டும் விழாமல், கடைசியில் கைதட்டி அனுப்பிவைப்பார்களாம். அந்த வருஷம் அசல் அமெரிக்க ஆட்டக்காரரே கிடைத்தார் என்றால் விடுவார்களா? அணித் தலைவன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“ஒரே ஒரு டங்க், அக்கா. எகிறி வளையத்துக்குள்ளயே பந்த அமுக்குவாங்களே, அது. பசங்க கண்ணால பாத்ததே இல்ல. வீடியோல பாத்துக்கினு கீறானுங்க.”

எங்கள் ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு என்று ஒன்று உண்டு. விடுமுறையில் வேறெங்கும் ஆடக் கூடாது. ஆடிக் காயம்பட்டால் ஒப்பந்தம் ரத்து. அகராதியை வைத்து அதை மொழிபெயர்த்து டேரலுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். ஒரே ஒரு பந்து, அதை ஆட்டம் என்று யார் சொல்வார்கள் என்று நினைத்து, சரி என்று சொன்னவளும் நான்தான்.

அம்மாவுக்கு வேறு பயம். அத்தனை கண்ணும் மாப்பிள்ளை மேல்தானே விழும்? தம்பியிடம் ஒரு முழுப் பூசணிக்காயும் குங்குமமும் கொடுத்துவிட்டாள். சுற்றி உடைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. இதையெல்லாம் வாசலில் அல்லவா உடைப்பார்கள்? பையன்களுக்கு உற்சாகம். மாப்பிள்ளை எங்கே நிற்கிறாரோ அங்கே சுற்றினால்தான் திருஷ்டி போகும் என்று ஒருவன் சொல்ல, கூடைக்கு நேர் கீழே போட்டு உடைத்தார்கள். கூட்டித் தள்ளினார்கள். தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். ஆனாலும் பூசணிச் சதையின் வழவழப்பு சிமெண்டிலிருந்து அவ்வளவு சுலபமாகப் போகுமா?

பொன்னாடை போட்டார்கள். மாலை போட்டார்கள். டேரல் இரண்டையும் கழற்றி மீனாவின் கழுத்தில் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் எழும்பியபோது மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வளையம் அதிர்ந்தது. இறங்கிய இடத்தில் இடது கால் வழுக்கி, முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை என்பது தெரிய அவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் என் புத்தி போன போக்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கணவர் தரையில் கிடக்கிறார். நான் தம்பியின் சட்டையைப் பிடித்து, யாரோ போட்டோ எடுத்தானே, அந்தப் படம் பேப்பரில் வரக்கூடாது, ஓடிப் போய்ச் சொல்லு என்று கத்துகிறேன். தி.நகர் மைதானத்துப் படத்தைப் பெல்ஜியத்துக் கிளப்பில் யார் பார்க்கப் போகிறார்கள்? பயத்துக்குக் கணக்குத் தெரியாது. அடுத்த மூன்று நாளும் எல்லா மாலைப் பேப்பரையும் வாங்கி ஒரு வரி விடாமல் படித்தேன். படம் வரவில்லை.

5

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். டேரலைப் பெஞ்சில் காலை நீட்டி உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் அம்மாவைத் துணைக்கு விட்டுவிட்டு, எக்ஸ்ரேயைக் காட்ட நான் மட்டும் உள்ளே போனேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழிலேயே சொன்னார்.

“இது இன்னைக்கு விழுந்ததால வந்தது இல்லம்மா. இன்னைக்குப் பட்டது சும்மா வீக்கம், வடிஞ்சிடும். உள்ள குருத்தெலும்பு தேஞ்சு ரெண்டு மூணு வருஷமாவது இருக்கும். ஊசி போட்டுப் போட்டுத்தான் ஆடியிருக்கணும். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஒரே படுக்கையில் தூங்குகிறேன், அவருடைய ஒவ்வொரு தாளையும் நான்தான் நிரப்புகிறேன், எனக்குத் தெரியாது. போர்ச்சுகலில் கடைசி வருஷம் ‘மசாஜுக்குப் போகிறேன்’ என்று வாரம் ஒரு தடவை போவார். மசாஜா அது? எத்தனை வருஷம் ஆடலாம் என்று கேட்டேன். ஆடவே கூடாது என்றார்.

வெளியே வந்தேன். ஒன்றுமில்லை, வெறும் வீக்கம்தான், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று டேரலிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால், இனி ஆடாதே என்று சொல்ல வேண்டும். ஆடாதே என்றால் அட்டை, வீடு, மீனாவின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். “நான் குடுத்துவிட்ட காய்தானட்டி… என் கையால குடுத்துவிட்டேனே.” நான் எக்ஸ்ரே உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

6

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நான் பூசணிக்காய்க்குப் பின்னால் ஒரு முழங்காலை மறைத்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் அது அப்பாவுக்குப் போகும். கால் போன ஆளா, சொல்லாமல் கொள்ளாமல் ஆடிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்பார். பிறகு கனிவாக, ரொம்பக் கனிவாக, கடையில் வந்து உட்காரச் சொல்லுவார். நாலு வருஷம் ஒரு ஊருக்கே ராஜாவாக இருந்த மனிதர், அண்டாக்களுக்கு நடுவில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

ஆகவே சொந்தக்காரர் எல்லாருக்கும் பூசணிக்காய்க் கதைதான் போயிற்று. சொன்னது அம்மாவேதான். கேட்டவர்களிடமெல்லாம் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். தி.நகர் வீட்டுச் சாம்பாரில் பூசணி நின்றுபோயிற்று. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, குமார்தான் கடிதத்தில் எழுதியிருந்தான். படித்துவிட்டுக் கடிதத்தைத் துணி அலமாரிக்குள் வைத்தேன்.

அந்த ஜூன் மாதம், நாங்கள் இன்னும் ஊரில் இருக்கும்போதே, கிளப்பின் உடல்நலப் படிவம் வந்திருப்பதாக ஏஜெண்ட் சொன்னார். பாண்டி பஜார் பக்கம் எஸ்.டி.டி. பூத் ஒன்றில் ஃபேக்ஸ் வசதி இருந்தது. அங்கே வரவழைத்து, அங்கேயே நின்று நிரப்பினேன். விடுமுறையில் ஏதாவது காயம் உண்டா? இல்லை. பழைய காயம் ஏதாவது மறுபடி தொந்தரவு தருகிறதா? இல்லை. கையெழுத்துக்காக வீட்டுக்குக் கொண்டுபோனபோது டேரல் படிக்காமலே போட்டார். எப்போதும் அப்படித்தான். திரும்பப் போய் அனுப்பிவிட்டு, தாள் ஒழுங்காகப் போயிற்று என்று மெஷின் கீச்சிடுகிறவரை நின்றிருந்தேன்.

ஆகஸ்டில் பரிசோதனையில் எப்படித் தேறினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டிலும் கேட்கவில்லை. ஆட்டத்தன்று கூடத்தின் மேல்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், நான் அவர் இறங்குகிற காலைப் பார்ப்பேன். இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. இந்த ஆகஸ்டில் கிளப்புக்குப் புது டாக்டர் வந்தார். படம் எடுத்துப் பார்த்தார். கடிதம் வந்துவிட்டது.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் போனை எடுத்தேன். அங்கே பகல். கடைக்கு விடுமுறை இல்லை, அப்பா கீழே இருப்பார், அம்மாதான் எடுப்பாள் என்று தெரிந்துதான் அந்த நேரத்தைப் பிடித்தேன். டேரல் சாப்பாட்டு மேஜையில் பழைய அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. வேலை போய்விட்டது என்றேன். முழங்கால் என்றேன். இப்போது பூசணிக்காயைச் சொல்லி அழப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, டாக்டர் சொன்னதை, நான் மறைத்ததை, படிவத்தில் எழுதியதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். உன்னை இரண்டு வருஷம் அழவிட்டேன் அம்மா என்றேன்.

“தெரியும்ட்டி” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நீ டாக்டர்ட்ட உள்ள போயிருந்தேல்லா, அப்பவே மாப்ள எங்கிட்ட சொல்லிட்டாரு. எங் கையப் புடிச்சி, முட்டியத் தொட்டுக் காட்டி, ‘ஓல்டு, ஓல்டு, நோ பம்ப்கின்’னாரு. அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாதா? ஊசி குத்துத மாதிரியும் காட்டுனாரு. உன் பேரச் சொல்லி, வாயில வெரல வச்சாரு.”

“அப்புறம் ஏம்மா எல்லார்ட்டயும் பூசணிக்காய்னு சொன்ன?”

“வேற என்னத்தச் சொல்ல? உங்கப்பா கேப்பாரு, உங்க சித்தி கேப்பா. அந்த மனுசன் மானத்தோட இருக்கட்டும்னுதான். தலையில அடிச்சி அழுததும் அதுக்குத்தான். நீயும் பேயறைஞ்ச மாதிரி நின்ன. பயந்துகெடக்கவகிட்ட போய் எனக்குத் தெரியும்னு சொன்னா, இன்னும்லா பயப்படுவ.”

நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. நான் டாக்டரிடம் தெரிந்துகொண்டேன், அவரிடம் சொல்லவில்லை. யாருக்கு யார்மேல் கோபப்பட உரிமை இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

“மாப்ளட்ட குடு” என்றாள் அம்மா.

டேரலிடம் நீட்டினேன். டேப்பைக் கீழே வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் பொதுவாக மொத்தமே முப்பது சொல்தான் இருக்கும். அம்மா வெளிநாட்டுப் போன் என்றால் கத்தித்தான் பேசுவாள், ஆகவே அவள் குரலும் எனக்குக் கேட்டது.

“மாப்ள, பயமா இருக்கா?”

இதற்கு அவருக்கு அர்த்தம் தெரியுமா என்று நினைத்துக்கொண்டு, மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. ஞாயிறுதோறும் இதே போனில் நான் எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன், அவர் இதே மேஜையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

“பயம்” என்றார் டேரல். “யெஸ், அம்மா. ரொம்ப பயம்.”

ஒன்பது வருஷத்தில் இதை அவர் என்னிடம் எந்த மொழியிலும் சொன்னதில்லை.